கல்லாவில் இருப்பதெல்லாம் லாபமா?

வாசகர் கேள்விகளுக்குக் கணக்கு டீச்சரின் பதில்கள்

கேள்வி: டீச்சர், பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்குப்பதிவியல் எடுக்கிறேன். பத்தாவது வரை இந்தப் பாடத்தையே பார்க்காத பிள்ளைகள். பற்று, வரவு என்றதும் முழிக்கிறார்கள். விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்வதைத் தவிர வேறு வழி உண்டா?
- ஓர் ஆசிரியை, அருப்புக்கோட்டை

பதில்: விதி அப்புறம் வரட்டும். யார் வீட்டில் கடை இருக்கிறது என்று வகுப்பில் கேளுங்கள். உங்கள் ஊரில் நாலு கையாவது உயரும். கடையின் பற்று நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை, பெயரை மறைத்து, எழுதி வரச் சொல்லுங்கள். எதிர்வீட்டு அக்கா அரிசி வாங்கிப் போனால் அவர் பக்கத்தில் பற்று 620. ஒன்றாம் தேதி வந்து பணம் கொடுத்தால் வரவு 500. பாக்கி 120. 'பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை' என்று புத்தகம் சொல்வது இதைத்தான். 1494-ல் வெனிஸில் அச்சான நூலில் இத்தாலியக் கணித அறிஞர் லூகா பேசியோலி, ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு என்று எழுதும் இரட்டைப் பதிவை விளக்கிய கதையை முதல் நாளே சொல்லாதீர்கள். கொட்டாவிதான் வரும்.

அடுத்து, பள்ளியில் உணவுத் திருவிழா நடந்தால் விடாதீர்கள். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 1,500 ரூபாய் சேர்த்துச் சுண்டல் கடை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,200 ரூபாய்க்குச் சரக்கு வாங்கியாயிற்று. மொத்த விற்பனை 1,800. அதில் 200 ரூபாய் கடன் (பெரும்பாலும் ஆசிரியர்கள்தான், 'நாளைக்குத் தர்றேன்' என்று). கடைசியில் 150 ரூபாய்க் கடலை மிச்சம். கல்லாவில் 1,900 இருக்கிறது.

லாபம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். ஒருவன் 1,900 என்பான். கொஞ்சம் யோசிக்கிற பெண், போட்ட பணத்தைக் கழித்து 400 என்பாள். இரண்டும் இல்லை, 750. விற்ற சரக்கின் அடக்கம் 1,200-ல் மிச்சக் கடலை போக 1,050தான். அதை 1,800-ல் கழியுங்கள். கடனுக்கு விற்றதும் விற்பனைதானே என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அந்தச் சண்டைதான் பாடம். பிறகு கரும்பலகையில் ஒரு பக்கம் ரொக்கம் 1,900, கடனாளிகள் 200, சரக்கிருப்பு 150 என்றும், எதிர்ப்பக்கம் பிள்ளைகள் போட்ட முதல் 1,500, லாபம் 750 என்றும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் 2,250. இருப்புநிலைக் குறிப்பு என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும். யாரோ வீட்டுக் கேஸில் வேகவைத்த செலவு இதில் இல்லை என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதையும் சேர்த்தால் 750-ல் எவ்வளவு தேறும் என்று அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: டீச்சர், வங்கியில் பணம் போட்டால் ரொக்க ஏட்டில் வங்கிப் பத்தியில் பற்று எழுதுகிறோம். பாஸ்புக்கில் வரவு என்று வருகிறதே? எது சரி?
- பதினொன்றாம் வகுப்பு மாணவன், காரைக்குடி

பதில்: இரண்டும் சரி தம்பி. ரொக்க ஏடு உன் கணக்கு, பாஸ்புக் வங்கியின் கணக்கு. உன் பார்வையில் வங்கி பெறுபவர். வங்கியின் பார்வையில் நீ தருபவர், அந்தப் பணம் அது உனக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். அதனால் இந்த இரண்டு ஏட்டின் இருப்பும் ஏன் வேறுபடுகிறது என்று காட்டும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடும்போது எந்த ஏட்டின் இருப்பிலிருந்து தொடங்குகிறாய் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடு. பாதிப் பேர் அங்கேதான் கூட்ட வேண்டியதைக் கழித்து மார்க்கை விடுகிறார்கள்.

கேள்வி: மகன் ஆறாம் வகுப்பு. அவன் பெயரில் தனியாக வங்கிக் கணக்கு தொடங்கலாமா?
- ஒரு தாய், திருப்பூர்

பதில்: தொடங்கலாம். பத்து வயது முடிந்த பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருக்கிறது. ஏடிஎம் கார்டு கிடைக்குமா, எவ்வளவு எடுக்கலாம் என்பதெல்லாம் வங்கிக்கு வங்கி மாறும், கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்புக் பதிய மட்டும் அவனையே வரிசையில் நிறுத்துங்கள். வட்டி எந்த மாதம் விழுந்தது என்று அவனே தேடிப் பிடித்துச் சொல்வான்.