வாசகர் கேள்வி - பதில்: சீன மண்ணில் ஒரு நட்பு நாவல்

கேள்வி: யாங்சே நதிக்கரையில் உள்ள ஜென்ஜியாங்கில் வளரும் அமெரிக்கப் பாதிரியாரின் மகள், அவளுடைய சீனத் தோழி. இருவரும் 1892-ல் பிறந்து, 1972-ல் அதே ஊரில் மீண்டும் சந்திப்பதாக நாவல் எழுதுகிறேன். காலக் குழப்பம் வராமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: ஆங்கில ஆண்டு, சீன ஆண்டு, இருவரின் வயது. 1912 வரை ஆண்டைப் பேரரசரின் பெயரால்தான் எண்ணினார்கள். 1900 என்பது குவாங்ஷு 26. பிறகு வந்தது குடியரசு ஆண்டு. 1949-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வரும்வரை, ஆங்கில ஆண்டிலிருந்து 1911-ஐக் கழித்தால் அது கிடைத்துவிடும். 1927 என்றால் குடியரசு 16.

வயதுக் கணக்கும் வேறு. பழைய சீன முறையில் பிறந்ததுமே ஒரு வயது. சந்திரப் புத்தாண்டு தோறும் ஒன்று கூடும். ஆகவே ஒரே நாளில் பிறந்த தோழிகள் இருவரும் தங்கள் வயதை வெவ்வேறாகச் சொல்வார்கள். யார் அக்கா, யார் தங்கை என்ற சச்சரவுக்கு இது நல்ல இடம். விட்டுவிடாதீர்கள்.

இருவரும் கைகோத்து மலைமேல் ஓடுகிற காட்சி வைப்பதாக இருந்தால் சீனப் பெண்ணின் காலைப் பாருங்கள். ஐந்தாறு வயதில் பெருவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீளத் துணியால் இறுகக் கட்டிவிடுவார்கள். அந்தக் காலோடு ஓட முடியாது. அவள் ஓடித்தான் ஆகவேண்டும் என்றால், கால் கட்டாததற்கான காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

1900-ல் வெளிநாட்டாருக்கு எதிரான பாக்சர் கலகம் வடக்கே கொழுந்துவிட்டபோது யாங்சே பகுதி ஆளுநர்கள் தங்கள் மாகாணங்களைப் போரிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஆகவே ஜென்ஜியாங்கில் பீதி இருக்கலாம், வெளிநாட்டார் ஷாங்காய்க்குக் கிளம்பலாம், ஊரையே எரித்துவிடாதீர்கள். உங்கள் கதைக்குத் திருப்புமுனை 1927 மார்ச் 24. அன்று நான்ஜிங்கில் வெளிநாட்டார் தாக்கப்பட்டார்கள், ஆற்றில் நின்ற பிரிட்டிஷ், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் குண்டு வீசின. ஜென்ஜியாங்கில் வளர்ந்த எழுத்தாளர் பேர்ல் பக் அன்று குடும்பத்தோடு ஓர் ஏழைச் சீனப் பெண்ணின் குடிசையில் ஒளிந்து பிழைத்தார். அடைக்கலம் கொடுப்பவளுக்கும் உயிர் ஆபத்து உண்டு. அவள் பயத்தையும் எழுதுங்கள்.

கேள்வி: இருவரும் உடன்பிறவாச் சகோதரிகளாக உறுதி எடுக்கும் சடங்கு எப்படி இருக்கும்?

பதில்: ஊதுபத்தி ஏற்றி, வானத்தையும் பூமியையும் வணங்கி, அட்டைகள் மாற்றிக்கொள்வார்கள். பெயர், பிறந்த நாளும் நேரமும், சொந்த ஊர், மூன்று தலைமுறை முன்னோர் பெயர்கள் ஆகியவை அந்த அட்டையில் இருக்கும். பாதிரியார் வீட்டில் ஊதுபத்தி வணக்கம் விக்கிரக ஆராதனைக்குச் சமம். பாதிரியார் மகள் ஊதுபத்தியைத் தொடுவாளா, அட்டையை மட்டும் வாங்கிக்கொள்வாளா? நட்பின் எல்லை அங்கேதான் தெரியும். அந்தக் காட்சியை நாலு வரியில் முடித்துவிட வேண்டாம்.

கேள்வி: 1949-க்குப் பிறகு கடிதப் போக்குவரத்தைக் காட்டலாமா?

பதில்: காட்டலாம், குறைவாக. 1950-ல் கொரியப் போர் வந்ததும் இரு நாடுகளும் எதிரிகளாகிவிட்டன. அமெரிக்காவில் இருப்பவளுக்குக் கடிதம் ஏக்கம். சீனாவில் இருப்பவளுக்கு அதே கடிதம் 'வெளிநாட்டுத் தொடர்பு' என்ற குற்றச்சாட்டுக்குச் சாட்சி. 1966-ல், மாவோவின் கலாச்சாரப் புரட்சியில், செங்காவலர்கள் என்ற இளைஞர் படையினர் வீடு புகுந்து சோதனை போட்ட நாட்களில் கடிதங்களையும் படங்களையும் தாங்களே எரித்தவர்கள் உண்டு. பெரும்பாலான நாவல்கள் இந்த இருபது ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. நீங்கள் நிதானமாக நில்லுங்கள். பதில் வராததை அமெரிக்கத் தோழி மறதி என்று நினைக்கட்டும்.

முடிவைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போனார் என்பதால் எல்லோருக்கும் கதவு திறந்துவிடவில்லை. அதே ஆண்டில் பேர்ல் பக்குக்கே விசா மறுக்கப்பட்டது. 1973 மார்ச்சில் அவர் இறந்தார். தூதரக உறவு ஏற்பட்டது 1979 ஜனவரி 1-ல்தான். அப்போது உங்கள் தோழிகளுக்கு 86 வயது. சந்திப்பு கட்டாயம் வேண்டுமென்றால் அதை 1979-க்குப் பிறகு வைத்து, பிறந்த ஆண்டை 1905 வாக்கில் தள்ளி, நான்கு கட்டத் தாளை முதலிலிருந்து மறுபடி போடுங்கள்.