கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் எந்தக் குதிரைக்கு வாய்ப்பு அதிகம் என்று எப்படிக் கணிப்பது?

பழைய வெற்றிகளை எண்ணுவதற்கு முன் எடையைப் பாருங்கள். லிவர்பூல் பக்கத்தில் எயின்ட்ரீயில் ஏப்ரலில் நடக்கும் இது ஹேண்டிகேப் பந்தயம், அதாவது திறமையான குதிரைக்கு அதிக எடை ஏற்றும் தடைதாண்டும் பந்தயம். குதிரையின் திறமைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணான ரேட்டிங்கில் ஒரு புள்ளி கூடினால் முதுகில் ஒரு பவுண்டு கூடும். உச்ச எடை 11 ஸ்டோன் 12 பவுண்டு, அதாவது சுமார் 75 கிலோ.

சூட்சுமம் தேதியில் இருக்கிறது. எடைகளைப் பிப்ரவரியிலேயே அறிவித்துவிடுவார்கள். அதன்பிறகு ஒரு குதிரை பெரிய பந்தயத்தை ஜெயித்தால் அதன் ரேட்டிங் ஏறும். நேஷனலில் சுமக்கும் எடை ஏறாது. 2023இல் ஜெயித்த கோராக் ராம்ப்ளர், மார்ச்சில் செல்டனமில் அல்டிமா என்ற பந்தயத்தை வென்றுவிட்டு வந்தது. 2024இல் ஐ ஆம் மேக்ஸிமஸ், 2025இல் நிக் ராக்கெட், இரண்டுமே எடை அறிவித்த பிறகு அயர்லாந்தில் பாபிஜோ சேஸ் என்ற தடைதாண்டும் பந்தயத்தை வென்றவை. அதனால் ஒவ்வொரு குதிரைக்கும் பிப்ரவரி ரேட்டிங், இன்றைய ரேட்டிங் இரண்டையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். மிச்சம் ஐந்தாறு பவுண்டு வந்தாலே கவனிக்க வேண்டிய குதிரை.

அடுத்தது தூரம். 4 மைல் 2½ ஃபர்லாங், கிட்டத்தட்ட 6.9 கிலோமீட்டர், 30 தடைகள். கடைசித் தடையைத் தாண்டிய பிறகும் 494 கஜம் ஓட வேண்டும். 1973இல் கிறிஸ்ப் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்து, இந்த ஓட்டத்தில்தான் கால் தள்ளாடி முக்கால் குதிரை நீளத்தில் ரெட் ரம்மிடம் தோற்றது. கிறிஸ்ப் சுமந்த எடை ரெட் ரம்மைவிட 23 பவுண்டு அதிகம். ஆகவே மூன்று மைல் பந்தயத்தில் ஜெயித்ததா என்பதைவிட, கடைசி இரண்டு ஃபர்லாங்கில் முன்னேறியதா, பின்வாங்கியதா என்று வீடியோவில் பாருங்கள்.

குதிரையின் முந்தைய ஓட்டங்களின் முடிவுகளைக் காட்டும் ஃபார்ம் வரியை வலமிருந்து படிக்க வேண்டும். ‘31-பி2யு1’ என்று வைத்துக்கொள்வோம். வலது ஓரம் கடைசி ஓட்டம்: முதலிடம். ‘யு’ என்றால் ஜாக்கி கீழே விழுந்தார், ‘எஃப்’ என்றால் குதிரையே விழுந்தது, ‘பி’ என்றால் ஜாக்கியே பாதியில் நிறுத்திவிட்டார். கோட்டுக்கு இடப்பக்கம் போன சீசன். ‘பி’யைப் பார்த்ததும் ஒதுக்கிவிடாதீர்கள். சேற்றுத் தரையில் நிறுத்தியிருந்தால் ஒரு அர்த்தம், நல்ல தரையில் இரண்டு மைலிலேயே நிறுத்தியிருந்தால் வேறு அர்த்தம். இரண்டாவதுதான் கவலைக்குரியது.

தாண்டும் திறமைக்கு முன்பு கொடுத்த அளவு மதிப்பெண் இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. 2013 முதல் தடைகளின் உள்கட்டை மரமாக இல்லை. 2024 முதல் 40 குதிரைகளுக்குப் பதில் 34தான், முதல் தடையையும் ஸ்டார்ட்டுக்கு 60 கஜம் அருகே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்காக ஆபத்து போய்விட்டது என்றில்லை: அதே 2024இல் கோராக் ராம்ப்ளர் முதல் தடையிலேயே ஜாக்கியைத் தவறவிட்டது. டிசம்பரில் அங்கேயே நடக்கும் பீச்சர் சேஸில் ஓடிய குதிரை என்றால் இந்தத் தடைகள் அதற்குப் புதிதல்ல.

வயதை வைத்து அதிகம் கழிக்க வேண்டாம். ஏழு வயதுக் குதிரை 1940க்குப் பிறகு ஜெயிக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2022இல் நோபிள் யேட்ஸ் அதை முடித்துவைத்தது.

தரையின் நிலையைப் பந்தயத்தன்று காலையில் மறுபடி பாருங்கள். அங்கே ‘குட் டு சாஃப்ட்’, அதாவது சற்று மென்மையாக இருக்கும்படி தண்ணீர் விடுவார்கள். அதன்மேல் இரவில் மழை பிடித்தால் காய்ந்த தரையில் மட்டும் ஜெயித்த குதிரைகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.