ராபின் சிங் எந்த ஊர்ப் பிள்ளை?

கேள்வி: இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டனாக இருந்த நாசர் ஹுசேன் பிறந்தது நம் சென்னையில். நியூசிலாந்துக்கு ஆடும் ரச்சின் ரவீந்திராவின் பெற்றோர் பெங்களூர்க்காரர்கள். நம் ரத்தம் வேறு நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு இந்தியாவுக்கு எதிராக ஆடுவது துரோகமாகத் தோன்றவில்லையா உங்களுக்கு?
- வாசகர், வில்லிவாக்கம்

பதில்: தோன்றவில்லை. நம்ம ராபின் சிங்கை மறந்துவிட்டீர்களே! டிரினிடாடில் பிறந்தவர். 1980-களில் படிக்க மெட்ராஸ் வந்தார், இங்கேயே லீக் ஆடினார், 1988-ல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியில் இருந்தார். இந்தியக் குடியுரிமையும் வாங்கினார். இந்தியாவுக்காக அவர் ஆடிய முதல் ஒருநாள் போட்டி எங்கே தெரியுமா? 1989-ல், அதே டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. பிறகு ஏழு வருஷம் கூப்பிடவே இல்லை. காத்திருந்து திரும்பி வந்தார். சட்டையெல்லாம் மண்ணாக, விழுந்து புரண்டு அவர் பந்தைத் தடுப்பதைப் பார்த்து வீட்டுக்கு வீடு கை தட்டினோம். அவர் வம்சாவளி இந்தியர்தானே என்பீர்கள். இருக்கட்டும். அவரை வளர்த்து மட்டையைக் கையில் கொடுத்த ஊர் டிரினிடாட். அங்கிருந்து ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நாசர் ஏழெட்டு வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனவர். ரச்சின் பிறந்ததே நியூசிலாந்தின் வெலிங்டனில். விட்டுவிட்டு வர அவருக்கு வேறு நாடே இருந்ததில்லை.

1990-ல் நார்மன் டெபிட் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி, அங்கே குடியேறிய ஆசியர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கை தட்டுகிறார்கள் என்பதை வைத்து அவர்களுடைய விசுவாசத்தை அளக்கப் பார்த்தார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. வந்த வழியை மற என்றார் அவர். மறக்காதே என்கிறீர்கள் நீங்கள். நடுவில் அந்தப் பிள்ளை எப்படி ஆடுவான்?

ரத்தத்தின் மேல் உண்மையிலேயே அக்கறை என்றால், வெலிங்டன் வரை போக வேண்டாம். உங்கள் வில்லிவாக்கத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். சமீபத்தில் ஒரு சாயங்காலம் போயிருந்தேன். வாலிபால் நெட்டின் ஒரு முனையை வேப்ப மரத்திலும் மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் கட்டியிருந்தார்கள். எல்லைக்கோடு போட்டிருந்தது செங்கல் தூளால். ஒல்லியாக ஒரு பையன் எம்பி அடித்தால் பந்து தரையில் பட்டு அடுத்த வீட்டு ஓட்டில் போய் விழுகிறது. இங்கே பிறந்தவன், இங்கே படிப்பவன். அவன் அம்மாவும் கைக்குழந்தையாக வந்து இங்கே வளர்ந்தவர்தான்.

ஆனால் இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. 1987 ஜூலையிலிருந்து இங்கே பிறந்தவர் இந்தியராக, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து சட்டம் இன்னும் இறுகிவிட்டது. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை. இந்தியக் குடிமக்கள்தான் இந்திய அணியில் ஆடலாம் என்பது 2008-லிருந்து மத்திய அரசின் கொள்கை. பையன் எவ்வளவு எம்பினாலும் இந்தச் சுவர் அதைவிட உயரம்.

ஆடிக்கொண்டிருந்தபோது அவன் போட்டிருந்தது நீலச் சட்டை. பிளாட்பாரத்தில் வாங்கியது, முதுகில் 'இந்தியா' என்ற எழுத்து பாதி உரிந்திருந்தது. அவனுக்குக் குடியுரிமை ஏன் இல்லை என்று அடுத்த வாரம் ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள். இந்தப் பகுதியில் முதல் கேள்வியாகப் போடுகிறேன்.