சுற்றியுள்ள இயற்கைக்கு ஏற்ற நவீன வீடு கட்டுவது நடைமுறையில் சாத்தியமா?

சொந்த ஊரில் இடம் இருக்கிறது, அந்த மண்ணுக்கும் காற்றுக்கும் மரத்துக்கும் ஒத்துப்போகிற மாதிரி ஒரு வீடு கட்ட ஆசை, ஆனால் இன்ஜினியர் "அதெல்லாம் போட்டோவுக்குத்தாங்க, குடியிருக்க ஒத்துவராது" என்கிறார் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட அதே வார்த்தையை 2017இல் என்னிடமும் ஒருவர் சொன்னார். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் ஆர்க்கிடெக்ட் கிடையாது, பள்ளி ஆசிரியை. இரண்டு வீடு கட்டிய அனுபவம் மட்டும் இருக்கிறது.

சாத்தியம்தான். ஆனால் பிளான் போடுவதற்கு முன்னால் ஒரு வருடம் இடத்தைப் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று எனக்குக் காட்டியது என் மாமியாரின் கயிற்றுக்கட்டில்.

முதல் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். 2009இல் உடுமலைப்பேட்டை டவுனில் நாலு சென்ட்டில் கட்டினோம். ரோடு மேற்கே. அதனால் எலிவேஷன் மேற்கே, ஹாலின் பெரிய கண்ணாடி ஜன்னல் மேற்கே, படுக்கையறையும் மேற்கே. மேலே தட்டையான கான்கிரீட் தளம். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள், எங்களுக்கும் பெருமையாக இருந்தது. பங்குனி பிறந்ததும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணி வரை சுவர் வாங்குகிற வெயில் அப்போதே உள்ளே வருவதில்லை. செங்கல் அதைப் பிடித்து வைத்திருந்து ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குத்தான் உள்ளே விடும். தளமும் அப்படியே. படுக்கப் போகும்போது சுவரில் கை வைத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருக்கும்.

அத்தையைத் தோட்டத்திலிருந்து கூட்டி வந்து எங்களோடு வைத்துக்கொண்டோம். எட்டாம் நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "எனக்கு இங்க மூச்சு முட்டுது கண்ணு. நான் சாளைக்கே போறேன், நீ தப்பா நெனைச்சுக்காத" என்றார். (கொங்குப் பக்கம் தோட்டத்து வீட்டைச் சாளை என்போம்.) நான் தப்பாக நினைக்கவில்லை. சொந்தபந்தம் நினைத்தது. டீச்சர் மருமகள், கை நிறையச் சம்பளம், மாமியாருக்கு எட்டு நாள் சோறு போட முடியவில்லை என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பேச்சு என் காதில் விழும். எட்டு வருடம் விழுந்தது. அந்த மேற்குச் சுவர் செய்ததற்கு நான் பழி சுமந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று 2017இல் முடிவு செய்தோம். இடம் உடுமலைக்குத் தெற்கே, ஆனைமலைத் தொடர் தெளிவாகத் தெரியும். முதலில் வந்த இன்ஜினியர் மலை தெரிகிற பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்துப் பிளான் கொடுத்தார். பழைய வேப்பமரம் அவருடைய ஹாலுக்கு நடுவில் வந்தது, வெட்டிவிடலாம் என்றார். மரத்தை விட்டு, காற்றைப் பார்த்து வேறு மாதிரி போடுங்கள் என்று கேட்டபோதுதான் அந்த போட்டோ பேச்சு வந்தது.

அந்த வருடக் கோடை லீவு முழுக்கவும், அப்புறம் சனி ஞாயிறுகளிலும் அத்தையோடு போய்த் தங்கினேன். அவர் கட்டில் ஓரிடத்தில் நிற்பதே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சித்திரை, வைகாசியில் பகல் முழுக்க வேப்பமரத்தடி. ஆனி, ஆடியில் மாட்டுச்சாளையின் கிழக்குப் பக்கம், சுவரை ஒட்டி. ஐப்பசி அடைமழையில் ஆசாரத்தின் (வீட்டுக் கூடத்தை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்) தென்மேற்கு மூலை. மார்கழியில் தெற்கு வாசலில் வெயில் காய. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். அந்த நோட்டுத்தான் பின்னால் எங்கள் பிளான் ஆனது.

ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் எங்கள் பக்கம் பாய்கிறது. மழையில் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் புறமே இறக்கிவிட்டு, புழுதியோடு காற்றாக மட்டும் வரும். உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். எங்களுக்கு நல்ல மழை வடகிழக்குப் பருவத்தில் கிழக்கிலிருந்து வருகிறது. வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் ஊர் இருக்கும் இடத்துக்கு, சூரியன் சித்திரை முதல் வாரமும் ஆவணி இரண்டாம் வாரமும் உச்சிக்கு நேர் மேலே நிற்கும். அந்த இரண்டுக்கும் இடையில் மத்தியான வெயில் வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். தெற்குச் சுவருக்கு 3 அடி இறவாரம் விட்டால் மார்கழி உச்சி வெயிலிலும் சுவரில் 4 அடிக்கு மேல் நிழல் விழும். மேற்கு வெயிலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது தாழ வந்து நேராக முகத்தில் அடிப்பதால் சன்ஷேடு எவ்வளவு நீட்டினாலும் போதாது. மரமோ தாழ்வாரமோ ஆள் படுக்காத அறையோதான் அதைத் தடுக்கும்.

இதெல்லாம் எங்கள் மாட்டுச்சாளையில் ஏற்கெனவே இருந்தது. என் வீட்டுக்காரரின் தாத்தா கட்டியது. மேற்கே ஆள் உயரம்கூட இல்லாத கனமான மண்சுவர், அந்தச் சுவரில் கீழே இரண்டு சின்னப் பொந்து, கூரை மேற்கு நோக்கித் தாழ்ந்து போகும், கிழக்குப் பக்கம் முழுக்கத் திறப்பு. ஆடிக் காற்று கூரை மேல் ஏறி வழுக்கிப் போய்விடும். பொந்து வழியாகக் கொஞ்சமாக நுழைகிற காற்று உள்ளே வேகமெடுத்துக் கிழக்கே பெரிய வழியில் வெளியேறும். நுழைவாய் சின்னதாகவும் வெளிவாய் பெரிதாகவும் இருந்தால் உள்ளே காற்று விறுவிறுவென்று ஓடும் என்பதைக் கட்டடக்கலைப் படிப்பிலும் சொல்லித்தருகிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு இளம் ஆர்க்கிடெக்ட் கிடைத்தார். என் நோட்டை ஒரு மணி நேரம் படித்துவிட்டு, "இதுக்கு மேல நான் என்ன சர்வே எடுக்கறதுங்க மேடம்" என்றார். திருவனந்தபுரம் போய் அங்கே உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னதும் அவர்தான். லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட் 1970களில் கட்டியது. பர்மிங்காமில் பிறந்து 1945இல் இந்தியா வந்தவர், 2007இல் திருவனந்தபுரத்திலேயே இறந்தார். வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் யோசனையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டவர். அங்கே மரம் நிற்கிற இடத்தில் சுவர் வளைந்து போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வந்தது.

2018 தையில் அஸ்திவாரம் போட்டோம். எங்கள் மண்ணில் மூன்றடிக்குக் கீழே சுக்கான் பாறை வந்துவிடும், கருங்கல் பக்கத்துக் குவாரியிலேயே கிடைத்தது. சுவர் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நட்டமாக வைத்துக் கட்டுவது. சுவர் கனம் வழக்கமான 9 அங்குலம்தான், நடுவில் 3 அங்குலம் வெற்றிடம் விழும். அந்த வெற்றிடம் வெயிலை உள்ளே விடாது, செங்கல்லும் ஏறத்தாழ கால் பங்கு குறையும். எங்கள் கொத்தனார் முதல் நாள் வேலையை நிறுத்திவிட்டார். "ஏனுங்க டீச்சர், கல்ல நட்டமா வெச்சா செவுரு நிக்குங்களா? நாளைக்கு எம் பேருதானுங்க கெடும்?" என்று கேட்டார். ஆர்க்கிடெக்ட் வந்து பக்கத்தில் நின்று மூன்றடிக்கு மாதிரி கட்ட வைத்தார். நாலு நாள் கழித்துக் கொத்தனாரே அதன் மேல் ஏறி நின்று பார்த்தார். அப்புறம் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரவில்லை.

மேற்கே ஸ்டோர் ரூம், குளியலறை, மாடிப்படி. ஹாலின் கூரை மேற்கே தாழ்ந்து இறங்கும் சீமை ஓடு, ஓரமும் முகடும் சிமென்ட் வைத்துப் பூசியது. படுக்கையறைகளுக்குக் கம்பிகளுக்கு இடையில் ஓடு பதித்த ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே கான்கிரீட் சும்மா நிரப்புதல். அந்த இடத்தை ஓட்டுக்குக் கொடுத்தால் சூடும் குறையும், சிமென்ட்டும் மிச்சம். வேப்பமரத்துக்கு 12 அடி விட்டுச் சுவரை மடக்கினோம். மதில் கட்டச் சொல்லிப் பலரும் வற்புறுத்தினார்கள், நாங்கள் பழைய கிளுவை வேலியையே விட்டோம். கெட்டி மதிலில் மோதும் காற்று மேலேறி அந்தப் பக்கம் சுழன்று விழும். வேலி அதைச் சலித்து அனுப்பும்.

கிரகப்பிரவேசத்தில் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் எல்லார் முன்னாலும், "இத்தன செலவு பண்ணி மாட்டுச்சாளை மாதிரியே கட்டி வெச்சிருக்கீங்களே" என்றார். நான் அழவில்லை. "ஆமாங்க மாமா, அதைப் பார்த்துத்தான் கட்டினோம்" என்றேன்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. படத்தில் பார்த்த ஆசையில் ஹாலின் மேற்கு மூலையில் ஒரு செங்கல் ஜாலி (இடைவெளி விட்டுக் கட்டும் சல்லடைச் சுவர்) வைத்தோம். முதல் ஆடியிலேயே சோற்றில் மண் விழுந்தது. அதை மரக்கதவு போட்டு மூடினோம். கிழக்கில் வைத்த ஜாலி அருமையாக இருக்கிறது, கொசுவலை மட்டும் அடிக்க வேண்டும். வெற்றிடச் சுவரில் பிறகு துளை போட்டுக் கனமான அலமாரி மாட்ட முடியாது, ஒயரிங் எல்லாம் முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். செங்கல்லில் மிச்சமானதில் பாதி கொத்தனார் கூலியில் போனது. பாதி விலையில் வீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தோட்டம் இருக்கிறவள் பேசலாம், இரண்டு சென்ட்டில் என்ன செய்வது என்று கீழே யாராவது கேட்பார்கள். நானும் நாலு சென்ட்டில் வெந்தவள்தான். படிக்கட்டையும் குளியலறையையும் மேற்கே தள்ளுவதற்குக் கூடுதல் இடமோ பணமோ வேண்டாம். மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பது யாராலும் முடியும். வாஸ்துவை விடச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் அடுப்பும் தென்கிழக்கில்தான் இருக்கிறது, மேல்காற்றில் புகை வீட்டுக்குள் திரும்பாமல் வெளியே போகிறது. இலங்கையில் ஜெஃப்ரி பாவா கட்டிய வீடுகளின் படத்தைக் கொத்தனாரிடம் நீட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன். அவருடைய லுனுகங்கா தோட்ட வீடு இருப்பது பெந்தோட்டைப் பக்கம், அடித்துப் பெய்கிற மழை நாடு. அந்த மழைக்கும் அந்தப் பச்சைக்கும் பொருந்துவதை எங்கள் புழுதிக்காட்டில் அப்படியே வைத்தால் பொருந்தாது.

இதைக் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாமல் எழுதுகிறேன், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உயரமான ஓட்டுக் கூரையோடு, இரண்டு பக்கமும் தாழ்வாரத்தோடு ஒரு பழைய கட்டடம் இருந்தது. ஓடு மாற்றினால் போதும். இடித்துவிட்டு, நிழலுக்கு நின்ற இரண்டு புங்கமரத்தையும் வெட்டிவிட்டு, மேற்கு பார்த்து ஷீட் போட்ட வகுப்பறை கட்டினார்கள். மத்தியானப் பீரியடில் முன் பெஞ்சுப் பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு மண்டையில் ஏறவில்லை என்று என்னிடம் விளக்கம் கேட்டார்கள். எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

அத்தைக்கு இப்போது 84 வயது. வீடு குடிபோன மறு வாரமே சாளையிலிருந்து கட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், யாரும் கூப்பிடவில்லை. இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு தடவை கட்டிலை நகர்த்துகிறார், ஆனால் வீட்டுக்குள்ளேயே. போன சித்திரையில் ராத்திரி ஃபேனை நிறுத்தச் சொல்லி என்னை எழுப்பினார்.

உங்கள் இடம் எந்த ஊர், ரோடு எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன மரம் நிற்கிறது என்று எழுதுங்கள். அந்த ஊர்ப் பழைய மாட்டுக்கொட்டகை ஏதாவது மிச்சம் இருந்தால் இடிப்பதற்குள் போய் ஒரு மத்தியானம் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.