மயக்கவியல் டெக்னாலஜி படிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன். மயக்கவியல் டெக்னாலஜி படிக்க ஆசை. அமெரிக்காவில் இருக்கும் மாமா, ‘இங்கே அந்த வேலைக்குப் பெரிய மரியாதை, நல்ல சம்பளம்’ என்கிறார். அப்பாவோ, ‘ஆபரேஷன் தியேட்டரில் எடுபிடி வேலைக்கா நாலு வருஷம்?’ என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, குடியாத்தம்

பதில்: மாமா சொல்வது வேறு படிப்பும்மா. அங்கே ஒரு டிகிரி முடித்து, அதற்கு மேல் சுமார் இரண்டு வருடம் முதுநிலை படித்து, தேர்வும் எழுதி, மயக்கவியல் டாக்டரின் மேற்பார்வையில் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். இங்கே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. இதை வைத்து நேரே அந்த வேலைக்குப் போக முடியாது.

அப்பாவின் வார்த்தையை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் நோயாளி தியேட்டருக்குள் வருவதற்கு முன்பே டெக்னீஷியன் வந்தாக வேண்டும். மயக்க மருந்து மெஷினில் கசிவு உண்டா, பைப்லைன் நின்றுபோனால் கைகொடுக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா, சளியை உறிஞ்சும் சக்‌ஷன் இழுக்கிறதா, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் நிறம் மாறியிருந்தால் புதிதாக நிரப்புவார். முழு மயக்கத்துக்கு மருந்து கொடுத்ததும் நோயாளியின் மூச்சு நின்றுவிடலாம். அந்தச் சில நிமிடங்களுக்குள் டாக்டர் மூச்சுக்குழாய்க்குள் டியூபைப் போட்டாக வேண்டும். சரியான அளவு டியூப் கேட்பதற்கு முன்பே அவர் கைக்கு வர வேண்டும். இதையா எடுபிடி என்பது? 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியச் சட்டத்திலும் இந்தப் பணிக்கு இடம் இருக்கிறது.

சிரமமும் உண்டு. நைட் டியூட்டி, மணிக்கணக்கில் நிற்பது, நள்ளிரவில் வரும் சிசேரியன். சின்ன மருத்துவமனைகளில் ஆரம்பச் சம்பளமும் குறைவுதான்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் எழுதிக்கொள். எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வது மயக்கவியல் டாக்டர். ‘டாக்டர் வந்துகொண்டிருக்கிறார், நீயே ஆரம்பி’ என்று எவர் சொன்னாலும் மறுத்துவிடு. வேலையே போனாலும் சரி.

ஒரே வருடத்தில் சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்யும் இடங்களில் பணத்தைக் கொட்டாதே. கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு உண்டா, பயிற்சி தரும் மருத்துவமனையில் தினமும் எத்தனை ஆபரேஷன் நடக்கிறது என்று கேள். உனக்குப் பக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே தியேட்டரில் வேலை செய்யும் டெக்னீஷியன் ஒருவரிடம் பேசிவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடு.