டென் போஸ் நகரம் பிடிபட்டதைக் காட்டும் டச்சு ஓவியத்தில் சண்டையே இல்லையே, ஏன்?

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தில் இருக்கும் பாவெல்ஸ் வான் ஹில்லகார்ட்டின் ஓவியத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அவர் வரைந்தது சண்டை முடிந்து மூன்று நாள் கழித்து நடந்ததை. ஸ்பெயினை எதிர்த்து டச்சுக்காரர் நடத்திய எண்பதாண்டுப் போரில், ஸ்பெயின் வசமிருந்த டென் போஸ் (இன்றைய நெதர்லாந்தின் தெற்கிலுள்ள ஊர்) சரணடைந்தது 1629 செப்டம்பர் 14. ஸ்பானியப் படை ஊரைவிட்டு வெளியேறியது 17ஆம் தேதி. குதிரைகளும் வண்டிகளும் வரிசை கட்டிப் போக, வென்ற டச்சுப் படைத்தலைவர், ஆரஞ்சு இளவரசர் ஃபிரெடரிக் ஹென்ட்ரிக் பரிவாரத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாண ஊர்வலமோ என்றுதான் முதலில் தோன்றும்.

இதில் ஓவியரின் பூசிமெழுகல் குறைவு. பேச்சுவார்த்தை நடத்திச் சரணடைந்த படை கொடியை விரித்து, முரசறைந்து, ஆயுதங்களோடு வெளியேறலாம் என்பது அக்கால ஐரோப்பியப் போர்மரபு. மதிலை உடைத்துக்கொண்டு எதிரி உள்ளே நுழையும்வரை அடம்பிடித்த ஊருக்குச் சூறைதான். ஊரைக் காத்த ஸ்பானியத் தரப்பு ஆளுநர் குரோபென்டொங்க் கணக்குத் தெரிந்தவர், முதல் வழியில் போனார்.

உண்மையான சண்டை தண்ணீரோடு நடந்தது. ஊரைச் சுற்றிலும் சதுப்பு நிலம், அதுதான் அதன் அரண். ஃபிரெடரிக்கின் அண்ணன் மௌரிட்ஸ் 1601இலும் 1603இலும் முற்றுகையிட்டு வெறுங்கையோடு திரும்பினார். தம்பி சுமார் 28,000 பேரோடு வந்து, ஊரைச் சுற்றி 40 கிலோமீட்டருக்கு மேல் மண்கரை எழுப்பினார். டொம்மல், ஆ என்ற இரு ஆறுகளையும் அணைகட்டித் திருப்பிவிட்டு, உள்ளே தேங்கிய நீரை ஆலைகளால் இறைத்தார். தரை காய்ந்த பிறகே பதுங்குகுழி வெட்டி மதிலை நெருங்க முடிந்தது. முந்தைய ஆண்டு கியூபா அருகே டச்சுக் கடற்படைத் தளபதி பீட் ஹெய்ன் மடக்கிய ஸ்பானிய வெள்ளிக் கப்பல்களின் பணமும் இதற்கு உதவியது. முற்றுகையைக் கலைக்க ஸ்பானியத் தரப்பு டச்சு நாட்டின் நடுவிலுள்ள அமெர்ஸ்ஃபோர்ட் வரை புகுந்து பார்த்தது. ஆகஸ்டில் அவர்களுடைய தளவாடக் கிடங்கான வெசெல் டச்சுக்காரர் கையில் விழவே, அவர்கள் பின்வாங்க வேண்டியதாயிற்று.

நீர் இறைக்கும் ஆலையை வரைந்தால் யார் வாங்குவார்கள்? குதிரைமேல் இளவரசர் என்றால் விலைபோகும். ஆம்ஸ்டர்டாம்காரரான ஹில்லகார்ட் அந்த வகைப் படங்களிலேயே காலம் தள்ளியவர். அணையையும் மண்கரையையும் பார்க்க வேண்டுமானால் அதே காலத்தில் அச்சான முற்றுகை வரைபடங்களைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், ஓவியத்தைவிட அவை சுவாரசியமானவை.

ஓவியம் உண்மையில் மறைப்பது ஊர்மக்களை. அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். படை மரியாதையோடு போய்விட்டது. வென்ற டச்சு அரசு புராட்டஸ்டன்ட் என்பதால், இவர்களுக்கோ பொதுவெளியில் பூசை வைக்கவே தடை. ஆயர் ஓஃபோவியுஸ் ஊரைவிட்டுப் போக, புனித யோவான் பேராலயம் புராட்டஸ்டன்டுகளிடம் போனது. அது மறுபடி கத்தோலிக்கர் கைக்கு வந்தது 1810இல், நெப்போலியன் உத்தரவால்.