கனஅளவு காண ஏன் மூன்று அளவுகளைப் பெருக்குகிறோம்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறதோ, அதுதான் அதன் கனஅளவு. நீளத்தை ஒரு சின்ன நீளத்தால் அளப்பதுபோல், இடத்தை அளக்க அலகாக ஒரு சின்ன இடம்தான் வேண்டும். எல்லாப் பக்கமும் 1 செ.மீ. உள்ள கட்டையை எடுத்துக்கொள்கிறோம். அது 1 கன செ.மீ.

சூத்திரத்தை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ஒரு மைசூர்பாகு பெட்டியை நினைத்துப் பாருங்கள். அடியில் நீளவாக்கில் 6 துண்டு, அகலவாக்கில் 4 துண்டு. அப்போது ஓர் அடுக்கில் 24. அதன்மேல் அதேபோல் இன்னும் இரண்டு அடுக்கு வைத்தால் மொத்தம் 72. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் கிடைப்பது ஓர் அடுக்கு, உயரம் என்பது அடுக்குகளின் எண்ணிக்கை. அவ்வளவுதான் சூத்திரம்.

படத்தை மட்டும் காட்டினால் பல பிள்ளைகள் வெளியே தெரியும் முகங்களை மட்டும் எண்ணிவிடுவார்கள், உள்ளே மறைந்திருக்கும் கட்டைகள் விட்டுப்போகும். அதனால் கட்டைகளைக் கையில் கொடுத்து அடுக்க விடுங்கள், இதற்குச் செலவாகும் நேரம் வீணே இல்லை. அப்புறம் 10 செ.மீ. பக்கமுள்ள பெட்டியைக் கேளுங்கள்: அடுக்குக்கு 100, பத்து அடுக்கு, 1000 கன செ.மீ. சரியாக 1 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

பக்கங்கள் இரண்டு மடங்கானால் கனஅளவும் இரண்டு மடங்குதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2 செ.மீ. கனச்சதுரத்துக்குள் 1 செ.மீ. கட்டைகள் 8 அடங்கும்.